தோற்றுப்போன நவம்பர்கள்: கன்சாஸ் சிட்டி முதல் ஆஸ்டின் வரை

2025 ஏப்ரல் 9, புதன்: இண்டிபெண்டன்ஸ், மிசௌரி

1946 நவம்பர் தேர்தலில் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமனின் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 55 இடங்களையும் செனட்டில் 12 இடங்களையும் பறிகொடுத்தது. இரண்டு அவைகளும் குடியரசுக் கட்சி கைக்குப் போயின. சொந்த ஊரான இந்த இண்டிபெண்டன்ஸில் ஓட்டுப் போட்டுவிட்டு அதிபர் ரயிலேறி வாஷிங்டன் திரும்பினார். யூனியன் ஸ்டேஷனில் அவரை வரவேற்க வந்திருந்த பெரிய மனிதர் ஒரே ஒருவர்தான், வெளியுறவுத் துறையின் டீன் அச்சிசன். மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதை மாமாவிடம் சொன்னேன். "தோத்தவன் வீட்டுக்கு எந்த ஊர்லதான் ஆள் வருவான் மாப்பிள்ளை?" என்றார்.

மாமா என்பது என் மாமனார். மன்னார்குடிப் பக்கம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மகளைப் பார்க்க கன்சாஸ் சிட்டிக்கு வந்திருக்கிறார். அருவி, ரோலர் கோஸ்டர் எதிலும் ஆர்வமில்லை. அரசியல் என்றால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். எங்கள் வீட்டிலிருந்து தெற்கே ஆஸ்டின் வரை போகிற வழியில் ஐந்து முன்னாள் அதிபர்களின் நூலக அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. புளியோதரை கட்டிக் கொடுத்து எங்கள் இருவரையும் அனுப்பிவிட்டாள்.

அந்த ஐந்து பேருமே பதவிக்காலத்தின் நடுவே வரும் தேர்தலில் அடிபட்டவர்கள். அதிபருக்கு நான்கு வருடம். பிரதிநிதிகள் சபையின் 435 பேருக்கும் இரண்டே வருடம். செனட்டில் ஆறு வருடம், ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் தேர்தலைச் சந்திக்க வேண்டும். ஆகவே அதிபர் பதவியேற்று இரண்டாவது வருடக் கடைசியில், அவர் பெயரே இல்லாத ஒரு தேர்தலில், ஜனங்கள் அவருக்கு மார்க் போடுகிறார்கள். கடந்த நூறு வருடங்களில் அதிபரின் கட்சி அந்தத் தேர்தலில் பிரதிநிதிகள் சபை இடங்களைக் கூட்டிக்கொண்டது மூன்றே தடவை: 1934, 1998, 2002. மற்ற எல்லா முறையும் இறக்கம்தான்.

மாமாவுக்கு இது உடனே பிடிபட்டது. "நம்ம பஞ்சாயத்துல செக் புக் மாதிரி" என்றார். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். காசோலையில் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே வரும். "தலைவர் நாற்காலி அப்படியேதான் இருக்கும். ஆனா அடுத்த கையெழுத்து எதிராளிகிட்ட போயிடும். அப்புறம் தெருவிளக்குக்கு பல்பு வாங்கக்கூட நடையா நடக்கணும்."

அந்த 1946 தோல்விக்குக் காரணங்களில் ஒன்று மாட்டிறைச்சி. போர்க்கால விலைக் கட்டுப்பாடு நீடித்ததால் பண்ணைக்காரர்கள் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டி வரவில்லை, கடைகளில் கறி இல்லை. தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ட்ரூமன் கட்டுப்பாட்டை நீக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. தோல்விக்குப் பிறகு சொந்தக் கட்சி செனட்டர் ஃபுல்பிரைட் ஒரு யோசனை சொன்னார்: குடியரசுக் கட்சியின் வாண்டன்பர்கை வெளியுறவு அமைச்சராக்கிவிட்டு ட்ரூமன் ராஜினாமா செய்யட்டும். துணை அதிபர் இல்லாத நேரம் அது. அன்றைய சட்டப்படி வெளியுறவு அமைச்சர்தான் அடுத்து அதிபராவார். ட்ரூமன் அதற்குப் பிறகு அவரை 'ஹாஃப்பிரைட்' என்றே அழைத்தார்.

ராஜினாமா செய்யாமல் ட்ரூமன் என்ன செய்தார் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. வெளிநாட்டு விவகாரத்தில் அதே வாண்டன்பர்கோடு கைகோத்தார். செனட் வெளியுறவுக் குழுவின் தலைவர் இப்போது அவர்தானே. கிரீஸுக்கும் துருக்கிக்கும் உதவி, 1948 ஏப்ரலில் போரில் சிதைந்த ஐரோப்பாவுக்குப் பணம் கொடுத்த மார்ஷல் திட்டம், எல்லாம் எதிர்க்கட்சிக் காங்கிரஸில் நிறைவேறின. (காங்கிரஸ் என்று வரும்போதெல்லாம் இவர்கள் நாடாளுமன்றம் என்று வாசிக்கவும்.) தன் பெயரை வைத்தால் எதிர்க்கட்சிக்காரர்கள் கவிழ்த்துவிடுவார்கள் என்றுதான் அந்தத் திட்டத்தை வெளியுறவு அமைச்சர் மார்ஷல் பெயரில் விட்டார்.

உள்நாட்டில் நேர் எதிர். தொழிற்சங்கங்களுக்குக் கடிவாளம் போட்ட டாஃப்ட்-ஹார்ட்லி மசோதாவை ட்ரூமன் வீட்டோ செய்தார், காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு அந்த வீட்டோவைத் தள்ளிவிட்டு மசோதாவைச் சட்டமாக்கியது. தோல்விதான், ஆனால் தொழிலாளர்கள் அவர் பக்கம் திரும்பிவிட்டார்கள். 1948 ஜூலையில் கட்சி மாநாட்டு மேடையிலேயே காங்கிரஸின் சிறப்புக் கூட்டத்தை அறிவித்தார். மிசௌரியில் டர்னிப் விதைக்கும் நாளான 26ஆம் தேதி வாருங்கள், உங்கள் கட்சி அறிக்கையில் வாக்குக் கொடுத்ததையெல்லாம் சட்டமாக்கிக் காட்டுங்கள் என்று சவால். வந்தார்கள், பதினோரு நாள் உட்கார்ந்தார்கள், சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யாமல் போனார்கள். அதைத்தான் ட்ரூமன் ரயிலில் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அதிபரை முடிவு செய்யும், மாநிலவாரியாக எண்ணும் எலக்டோரல் ஓட்டுகளில் 303 வாங்கி ஜெயித்தார். அவர் தோற்றுவிட்டதாக அவசரப்பட்டு அச்சடித்த சிகாகோ பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

என் கணக்கு இதுதான்: 1946இல் தோற்காமல் இருந்திருந்தால் 1948இல் திட்டுவதற்கு அவருக்கு ஆளே கிடைத்திருக்காது. இது எவ்வளவு தூரம் மற்றவர்களுக்கும் பொருந்துகிறது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ஏப்ரல் 10, வியாழன்: அபிலீன், கன்சாஸ்

கன்சாஸில் இன்று காற்று காரைத் தள்ளியது. 70ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே 240 கிலோமீட்டர், வளைவு என்று ஒன்று வந்தால் சந்தோஷப்படும் அளவுக்கு நேர்கோடு. வழியில் ஐந்து நட்சத்திரம் போட்ட நீலப் பலகைகள் வரும்: ஐசனோவர் நெடுஞ்சாலை அமைப்பு. அந்த ஐசனோவரின் ஊர்தான் அபிலீன். அவர் வளர்ந்த சின்ன மரவீடு, அருங்காட்சியகம், சமாதி எல்லாம் ஒரே வளாகத்தில்.

ஐசனோவர் 1952இல் வந்தபோது குடியரசுக் கட்சிக்கு இரு அவைகளிலும் நூலிழைப் பெரும்பான்மை இருந்தது. 1954 தேர்தலில் 18 இடங்கள் குறைந்தன, இரு அவைகளும் போயின. கட்சிக்கு நஷ்டம். அவருக்கு நஷ்டமா என்பதில் எனக்குச் சந்தேகம். அந்த இரண்டு வருடமும் அவரை அதிகம் படுத்தியவர் சொந்தக் கட்சியின் ஜோ மெக்கார்த்தி. கம்யூனிஸ்டுகளைத் தேடுகிறேன் என்று ராணுவத்தையே கூண்டில் ஏற்றியவர். செனட் கைமாறியதும் விசாரணைக் குழுத் தலைவர் பதவி அவர் கையை விட்டுப் போனது. அதற்கு ஒரு மாதம் முன்பே செனட் அவரைக் கண்டித்துத் தீர்மானமும் போட்டிருந்தது. ஐசனோவருக்குப் புதிதாக வாய்த்தவர்கள் டெக்ஸாஸ்காரர்கள் இருவர்: சபாநாயகர் சாம் ரேபர்ன், செனட் பெரும்பான்மைத் தலைவர் லிண்டன் ஜான்சன். இவர்களோடு அவருக்குப் பேச்சு ஓடியது.

நாங்கள் வந்த சாலையே அதற்குச் சாட்சி. நாடு முழுக்க 41,000 மைல் நெடுஞ்சாலை போடவேண்டும் என்பது ஐசனோவரின் ஆசை. பணத்துக்கு அவர் அமைத்த குழு சொன்ன வழி, கடன் பத்திரங்கள். ஜனநாயகக் கட்சி ஆதிக்கத்தில் இருந்த காங்கிரஸ் ஒத்துக்கொள்ளவில்லை. வட்டியே பூதமாகிவிடும் என்றார்கள். 1955இல் மசோதா படுத்துவிட்டது. அடுத்த வருடம் பெட்ரோல் வரியை காலனுக்கு 2 சென்ட்டிலிருந்து 3 சென்ட்டாக்கி, அதைச் சாலைக்கென்றே ஒரு தனி நிதியில் போடுவது என்று முடிவானது. 1956 ஜூன் 29இல் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே கையெழுத்திட்டார். சாலை அவருடையது, காசுக்கு வழி எதிர்க்கட்சியுடையது. அந்த நிதி இன்றும் இருக்கிறது. இப்போது காலனுக்கு 18.4 சென்ட்.

அபிலீனில் பெட்ரோல் போடும்போது மாமா ரசீதை வாங்கிப் பார்த்தார். வரி தனியாக அச்சாகவில்லை என்பதில் அவருக்கு வருத்தம்.

1956 நவம்பரில் ஐசனோவர் பெரிய வித்தியாசத்தில் மறுபடி ஜெயித்தார். அதே நாளில், அதே வாக்காளர்கள், காங்கிரஸை எதிர்க்கட்சியிடமே விட்டுவைத்தார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி: ஓக்லஹோமா சிட்டி

இங்கே அதிபர் நூலகம் எதுவும் இல்லை. இருந்தும் வந்தோம்.

1994இல் பில் கிளின்டன் வாங்கிய அடி பலமானது. பிரதிநிதிகள் சபையில் 54 இடங்கள், செனட்டில் 8. நாற்பது வருடமாக ஜனநாயகக் கட்சியிடம் இருந்த பிரதிநிதிகள் சபை போனது. சபாநாயகர் டாம் ஃபோலி சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். புதிய சபாநாயகர் நியூட் கிங்ரிச் நூறு நாள் வேலைத்திட்டத்தோடு வந்திறங்கினார், செய்தியாளர்கள் அவர் பின்னால் ஓடினார்கள். 1995 ஏப்ரல் 18 மாலை கிளின்டன் செய்தியாளர்களைச் சந்தித்தபோது மூன்று பெரிய தொலைக்காட்சிகளில் ஒன்றுதான் நேரலையாகக் காட்டியது. உங்கள் குரல் இனி எடுபடுமா என்ற தோரணையில் ஒரு கேள்வி. அரசியல் சட்டம் எனக்கு இடம் கொடுத்திருக்கிறது, நான் இன்னும் பொருட்டானவன்தான் என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். ஓர் அதிபர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நிலை.

மறுநாள் காலை 9:02க்கு இந்த ஊரின் மத்திய அரசுக் கட்டடத்தின் முன் லாரி குண்டு வெடித்தது. 168 பேர் இறந்தார்கள், அதில் 19 பேர் குழந்தைகள். வரும் 19ஆம் தேதியோடு முப்பது வருடம். புல்வெளியில் 168 வெறும் நாற்காலிகள் வரிசையாக இருக்கின்றன, குழந்தைகளுடையவை அளவில் சின்னவை.

நான்காம் நாள் இரங்கல் கூட்டத்தில் கிளின்டன் பேசினார். அதுவரை எதிரில் இருந்தவர்களும் அன்று அவரைத்தான் பார்த்தார்கள். துக்கத்தில் தேசம் தேடியது சபாநாயகரை அல்ல. அந்த நாற்காலிகளுக்கு முன்னால் நின்றுகொண்டு இதைத் தேர்தல் கணக்காகப் பேச எனக்குப் பிடிக்கவில்லை, மாமாவும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான். இடங்களின் எண்ணிக்கையால் பறிக்க முடியாத ஒன்று அந்தப் பதவியில் இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி: லிட்டில் ராக், ஆர்கன்சா

அதிகாலையில் கிளம்பி 40ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே ஐந்து மணி நேரம். மாநில எல்லை தாண்டியதும் ஃபோர்ட் ஸ்மித், அதன் அருகே ஃபோர்ட் சாஃபி ராணுவ முகாம். இந்த முகாமும் கார் பதிவுக் கட்டணமும் சேர்ந்து கிளின்டனை ஒருமுறை வீட்டுக்கு அனுப்பியிருக்கின்றன. 1978இல், 32 வயதில், ஆர்கன்சாவின் ஆளுநராகத் தேர்வானார். அப்போது அங்கே ஆளுநருக்கு இரண்டே வருடம். சாலை போடப் பதிவுக் கட்டணத்தை உயர்த்தினார். அப்புறம் கியூபாவிலிருந்து வந்த அகதிகளை வாஷிங்டன் இந்த முகாமில் கொண்டுவந்து வைத்தது, கலவரம் நடந்தது. 1980இல் தோற்றார். 1982இல் தொலைக்காட்சியில் தோன்றி, செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்டு மறுபடி வந்தார்.

அதனால் 1994 அடி அவருக்குப் புதிது இல்லை. எப்படி எழுந்திருப்பது என்று ஏற்கெனவே பழகியவர்.

நூலகம் ஆற்றின் மேல் பாதியில் நின்றுவிட்ட பாலம் போலக் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே நிறைய வெளிச்சம், நிறைய சாதனைப் பட்டியல். 1994 தோல்வியும் பதவி நீக்க விசாரணையும் ஒரு சிறு பகுதியில், எதிரிகள் நடத்திய அதிகாரச் சண்டை என்ற பார்வையில் சொல்லப்படுகின்றன. சொந்த நூலகத்தில் வேறு எப்படிச் சொல்வார்கள்.

நான் புரிந்துகொண்ட கதை இரண்டு பாதி. முதல் பாதி சண்டை. மருத்துவச் செலவைக் குறைத்து வரவு செலவைச் சமன் செய்ய வேண்டும் என்று கிங்ரிச் பிடிவாதம் பிடிக்க, கிளின்டன் மறுக்க, 1995 நவம்பரில் அரசு அலுவலகங்கள் மூடின. டிசம்பரில் மறுபடி மூடி 21 நாள். ஜனங்கள் யாரைக் குற்றம் சொல்வார்கள் என்பது அதுவரை தெரியாது. அந்தச் சமயம் பார்த்து, இஸ்ரேல் பிரதமர் ராபினின் இறுதிச் சடங்குக்குப் போய் வந்தபோது அதிபரின் விமானத்தில் தன்னைப் பின்வாசல் வழியாக இறக்கிவிட்டார்கள், அதனால்தான் பட்ஜெட்டில் இன்னும் கடுமையாக இருந்தேன் என்று கிங்ரிச் செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். நியூயார்க்கின் ஒரு பத்திரிகை அவரை இடுப்புத்துணி கட்டி அழும் குழந்தையாக முதல் பக்கத்தில் வரைந்தது. தீர்ந்தது கதை. மாமா இதைக் கேட்டு உணவகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டார். அவர் அலுவலகத்தில் மேடையில் நாற்காலி போடவில்லை என்று ஒரு ஒன்றியக் கவுன்சிலர் மூன்று மாதத் தீர்மானங்களை முடக்கினாராம்.

இரண்டாம் பாதி அவ்வளவு சிரிப்பாக இல்லை. கிளின்டன் எதிராளியின் சரக்கையே எடுத்துத் தன் கடையில் வைத்தார். 1996 ஜனவரி உரையில் பெரிய அரசாங்கத்தின் காலம் முடிந்தது என்றார். ஜனநாயகக் கட்சி அதிபர் வாயிலிருந்து வந்தது அது. ஏழைகளுக்கான உதவித்தொகைக்குக் கால வரம்பு போடும் மசோதாவை இரண்டு தடவை வீட்டோ செய்தவர், மூன்றாவது தடவை, தேர்தலுக்கு இரண்டரை மாதம் முன்பு, கையெழுத்திட்டார். அதை எதிர்த்து அவருடைய நெடுநாள் நண்பர் பீட்டர் எடல்மன் பதவி விலகினார். நவம்பரில் கிளின்டன் 379 எலக்டோரல் ஓட்டுகளோடு ஜெயித்தார்.

"அப்போ ஜெயிச்சது யாரு மாப்பிள்ளை? இவரா, அந்தக் கிங்ரிச்சா?"

நல்ல கேள்வி. நாற்காலி இவருக்கு, கொள்கையில் பாதி அவருக்கு. ட்ரூமன் தோல்வியைக் காட்டி எதிராளியை அடித்தார். கிளின்டன் பாதி நேரம் அடித்தார், பாதி நேரம் எதிராளியாகவே மாறினார். மறுதேர்தல் கணக்கை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை. 1998இல், பதவி நீக்கப் பேச்சு உச்சத்தில் இருந்தபோது, அவர் கட்சிக்கு 5 இடங்கள் கூடின. மூன்றே நாளில் கிங்ரிச் பதவி விலகுவதாக அறிவித்தார். பிரதிநிதிகள் சபை என்னவோ டிசம்பரில் கிளின்டன் மீது குற்றம் சாட்டியே தீர்த்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு: சாலையில்

30ஆம் நெடுஞ்சாலை, மழை. கிளின்டன் பிறந்த ஹோப் வழியாகத்தான் வந்தோம், நிற்கவில்லை.

மாமா வழியெல்லாம் டைரியில் பேரேடு போட்டுக்கொண்டு வந்தார். இடதுபக்கம் பிரதிநிதிகள் சபையில் இழந்த இடங்கள், வலதுபக்கம் அடுத்த அதிபர் தேர்தல். ட்ரூமன் 55, ஜெயித்தார். ஐசனோவர் 18, ஜெயித்தார். ரீகன் 1982இல் 26, ஜெயித்தார். கிளின்டன் 54, ஜெயித்தார். ஒபாமா 2010இல் 63, ஜெயித்தார். கார்ட்டர் 1978இல் 15 மட்டும்தான், தோற்றார். அப்பா புஷ் 1990இல் வெறும் 8, தோற்றார். பைடன் 2022இல் 9, செனட்டில் ஒரு இடம் கூடவே செய்தது, 2024 ஜூலையில் போட்டியிலிருந்தே விலகினார்.

"நிறைய தோத்தா நல்லது போல இருக்கே!"

அதற்குள் டிரம்ப் வந்து கணக்கைக் கெடுத்தார். 2018இல் 40 இடம் இழந்தார், 2020இல் தானும் தோற்றார். மாமா அந்த வரியின் மேல் கேள்விக்குறி போட்டார்.

இதில் விதி எதுவும் இல்லை. எனக்குத் தோன்றுவது வேறு. பலத்த அடி விழுந்தவர் போக்கை மாற்றிக்கொள்கிறார். லேசாகத் தப்பித்தவர் இதுவே போதும் என்று நினைத்துவிடுகிறார். 2022 தேர்தலுக்கு மறுநாள், இனி எதை மாற்றிச் செய்வீர்கள் என்று கேட்டதற்கு பைடன், எதையும் இல்லை என்றார். எதிர்பார்த்த அளவு தோல்வி வரவில்லை என்பதே அவர் மறுபடி நிற்பதற்குக் கட்சியின் வாயை அடைத்த பூட்டாக ஆனது. அவர் வயதைப் பற்றிய கேள்வி அந்த நவம்பரில் ஓட்டுச் சீட்டில் இல்லவே இல்லை.

ஒபாமாவின் வரியிலும் மாமாவின் பேரேடு காட்டாத ஒன்று இருக்கிறது. 2012இல் ஜெயித்தார், சரி. 2014 இடைக்காலத் தேர்தலில் செனட் போனது. 2016இல் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானபோது அவர் நியமித்த மெரிக் கார்லண்டுக்கு அந்தச் செனட் விசாரணைகூட நடத்தவில்லை. அந்த இடத்தை அடுத்து வந்த டிரம்ப் நிரப்பினார். 2014இல் ஓட்டுப் போடத் தகுதி இருந்தவர்களில் வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான்.

ஏப்ரல் 14, திங்கள்: டாலஸ்

நேற்றிரவு நண்பர் வீட்டில் சூடான இட்லி, மிளகாய்ப்பொடி. இந்தப் பக்கம் தமிழ்க் கடைகளுக்குக் குறைவில்லை. மாமா புத்துயிர் பெற்றார்.

ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் நூலகத்தில் நியூயார்க் இரட்டைக் கோபுரத்தின் முறுக்கிய இரும்புத் தூண்களைக் கடந்தால் ஒரு சிறு அரங்கம். இராக்குக்குக் கூடுதல் படை அனுப்புவதா வேண்டாமா என்பது போன்ற முடிவுகளில் பார்வையாளர்களே ஓட்டுப் போடலாம். புஷ் உண்மையில் அந்த முடிவை எடுத்த நேரம்தான் விஷயம்.

2002இல் அவர் கட்சிக்கு 8 இடங்கள் கூடின, செப்டம்பர் 11 தாக்குதலின் அதிர்ச்சி இன்னும் அடங்கியிருக்கவில்லை. 2006இல் இராக் போரின் விலை கேட்கப்பட்டது: பிரதிநிதிகள் சபையில் 30, செனட்டில் 6. செம உதை என்று அவரே ஒத்துக்கொண்டார். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் கடைசிவரை இருப்பார் என்று சொன்னவர், தேர்தலுக்கு மறுநாளே அவருக்கு விடை கொடுத்தார். புதிதாக வந்த ராபர்ட் கேட்ஸ் அப்போது இதே டெக்ஸாஸில் ஒரு பல்கலைக்கழகத் தலைவர்.

ஜனங்கள் போரை முடி என்று சொன்னதாகத்தான் எல்லோரும் படித்தார்கள். புஷ் 2007 ஜனவரியில் இன்னும் இருபதாயிரத்துக்கு மேல் வீரர்களை அனுப்பினார். படையைத் திரும்பப் பெறக் கெடு வைத்த மசோதாவை மே மாதம் வீட்டோ செய்தார். அதை முறியடிக்க எதிர்க்கட்சியிடம் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. கேட்ஸ் வந்தது தோல்வியால், படை கூடியதும் பழைய வழி தோற்றுவிட்டது என்ற ஒப்புதலால். வாக்காளர் கேட்டதும் கிடைத்ததும் வேறு வேறு.

இப்படி அவரால் நடக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அவர் மறுபடி நிற்கப் போவதில்லை. இரண்டு முறைக்கு மேல் யாரும் அதிபராகத் தேர்வாக முடியாது என்ற 22ஆவது திருத்தத்தை நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியது எந்தக் காங்கிரஸ் தெரியுமா? 1946இல் ட்ரூமனைத் தோற்கடித்து வந்த அதே காங்கிரஸ், 1947 மார்ச்சில். ரூஸ்வெல்ட் நான்கு முறை ஜெயித்த எரிச்சல் அவர்களுக்கு. இரண்டாம் தவணை அதிபருக்கு இடைக்காலத் தோல்வி எதிர்காலத்தைக் கெடுப்பதில்லை, கெடுக்க எதிர்காலமே இல்லை. மசோதா, நியமனம், விசாரணைக் குழுவின் சம்மன் இவைதான் மிச்சம்.

இந்தியாவோடு போட்ட அணுசக்தி ஒப்பந்தத்தைப் பற்றி மாமா கேட்டார். அதற்குக் கடைசி ஒப்புதல் கொடுத்தது 2008 அக்டோபரில், புஷ்ஷை அவ்வளவு திட்டிய ஜனநாயகக் கட்சிக் காங்கிரஸ்தான்.

ஏப்ரல் 15, செவ்வாய்: ஆஸ்டின்

லிண்டன் ஜான்சன் நூலகத்தின் பெரிய கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் மாடி மாடியாகச் சிவப்பு ஆவணப் பெட்டிகள். அண்ணாந்து பார்த்த மாமா கேட்டது: "இவ்வளவுக்கும் ஆடிட் முடிஞ்சுதா?"

1964 வெற்றிக்குப் பிறகு ஜான்சனுக்கு அமைந்த காங்கிரஸ் போல வேறு யாருக்கும் அமைந்ததில்லை என்றே சொல்லலாம். இரண்டு வருடத்தில் முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம், பள்ளிக்கூடங்களுக்கு மத்திய நிதி. மெடிகேரில் கையெழுத்திட அவர் இண்டிபெண்டன்ஸுக்கே போனார், அதைத் தொடங்க முயன்று தோற்ற ட்ரூமனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. 1965 குடியேற்றச் சட்டமும் அந்தக் காங்கிரஸ் போட்டதுதான். அதற்கு முன் இந்தியர்களுக்கு வருடத்துக்கு நூறு என்ற அளவில்தான் இடம் இருந்தது. என்னைப் போன்றவர்கள் இங்கே வீடு வாங்கி மாமனாரை வரவழைப்பதெல்லாம் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு வந்த கதை.

1966இல் 47 இடங்கள் போயின. வியட்நாம் போர், விலைவாசி, நகரக் கலவரங்கள். ஆனால் கவனியுங்கள், இரு அவைகளிலும் பெரும்பான்மை இன்னும் ஜான்சன் கட்சியிடமே. காகிதத்தில் எதுவும் மாறவில்லை. நிஜத்தில், தெற்கு மாநில ஜனநாயகக் கட்சிக்காரர்களும் குடியரசுக் கட்சியும் சேர்ந்தால் எதையும் நிறுத்தலாம் என்றாகிவிட்டது. 1967 ஜூலையில் ஏழைக் குடியிருப்புகளில் எலி ஒழிக்க 4 கோடி டாலர் கேட்டு ஒரு மசோதா. எலிகளுக்கும் சிவில் உரிமையா என்று சபையில் கிண்டல் அடித்துச் சிரித்துத் தோற்கடித்தார்கள். அப்புறம் வெட்கப்பட்டு செப்டம்பரில் நிறைவேற்றினார்கள். போர்ச் செலவுக்கு வருமான வரி மேல் பத்து சதவீதக் கூடுதல் வரி கேட்டார். வரிக் குழுத் தலைவர் வில்பர் மில்ஸ், ஜான்சன் கட்சிக்காரர்தான், உள்நாட்டுச் செலவைக் குறைத்தால்தான் என்று உட்கார்ந்துகொண்டார். 1968 ஜூன் வரை இழுத்தது. ஏழைகளுக்கான திட்டங்களில் கை வைத்த பிறகே வரி வந்தது.

"துணைத் தலைவர் நம்ம கட்சின்னா இன்னும் மோசம்" என்றார் மாமா. "எதிராளின்னா வெளியில சொல்லி நியாயம் கேக்கலாம். நம்ம ஆள் கையெழுத்துப் போடலேன்னா யார்கிட்ட போய்ச் சொல்றது?"

ட்ரூமனுக்கும் ஜான்சனுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் இதுதான் என்று எனக்கும் பட்டது. ட்ரூமனால் ரயிலேறிப் போய் காங்கிரஸ் ஒன்றும் செய்யவில்லை என்று கத்த முடிந்தது. ஜான்சனுக்கு எதிரில் நின்றவர்கள் அவர் கட்சி ஆட்கள், பிரச்சினை அவர் நடத்திய போர். 1968 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷையர் உட்கட்சித் தேர்தலில் யூஜின் மெக்கார்த்தி என்ற செனட்டர் 42 சதவீதம் வாங்கினார். அதே மாதம் 31ஆம் தேதி இரவு, வியட்நாம் பற்றிய தொலைக்காட்சி உரையின் கடைசியில், தான் மறுபடி நிற்கப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார்.

அதே 1966 நவம்பரில் கலிஃபோர்னியாவில் ரீகன் என்ற நடிகர் முதல் தடவையாக ஆளுநரானார். ஹூஸ்டனில் அப்பா புஷ் முதல் தடவையாக பிரதிநிதிகள் சபைக்குப் போனார். இருவரும் பிற்பாடு அதிபர்கள். மாமா இதைக் கேட்டுவிட்டு டைரியில் புதிதாக ஒரு பத்தி திறந்தார்: யார் தோற்றபோது யார் உள்ளே வந்தார்கள். அதை நிரப்ப எனக்கு ஒரு வார வேலை கொடுத்திருக்கிறார்.

இரவு வீட்டுக்கு வீடியோ அழைப்பு. அடுத்த இடைக்காலத் தேர்தல் எப்போது என்று மாமா கேட்டார். 2026 நவம்பர் 3, செவ்வாய் என்றேன். கைபேசியில் காலண்டரைத் தள்ளிப் பார்த்தார். "தீபாவளி எட்டாம் தேதி. அஞ்சு நாள் முன்னாடி. அப்போ இங்கதான் இருக்கணும், டிக்கெட் போட்டுடுங்க" என்றார். தீபாவளிக்கு ஊருக்கு வருவதாக அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று என்றாள் மனைவி. அதைப் பெரும்பான்மை ஓட்டில் முடிவு செய்யலாம் என்றார் மாமா. மாமியாருக்கு வீட்டோ உண்டு என்று நினைவுபடுத்தினேன்.